பைக் என்ஜின்ல பவர் ஏத்தணும்னா முழு பில்லையும் சொல்லுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க,

சைலன்சர மாத்திட்டு சத்தம் போட்டு போற பசங்கள புடிச்சு அபராதம் போட்டாங்கன்னு உங்க பேப்பர்ல அடிக்கடி செய்தி வருது. நல்லதுதான், ஆனா சைலன்சர் வெளிய தெரியுது, சத்தம் கேக்குது, அதனால மாட்டிக்கறாங்க, என்ஜினுக்குள்ள நடக்கற வேலைய பத்தி யாரும் எழுதறதில்ல. பெரிய காசு போறது அங்கதான். கோயமுத்தூர்ல டூவீலர் ஒர்க்ஷாப் வெச்சிருக்கறவன்ங்கற முறைல இத எழுதறேன்.

கடைக்கு வர்றவன் பெரும்பாலும் மில்லுக்கோ டெலிவரிக்கோ போற பையனா இருப்பான், வண்டிக்கே இன்னும் டியூ கட்டி முடிஞ்சிருக்காது, "அண்ணா பிக்கப் பத்தல, போர் பண்ணி பெரிய பிஸ்டன் போட்டா எவ்ளோ ஆகும்"னு கேப்பான். ரீபோர், அதாவது சிலிண்டர உள்ள கடைஞ்சு கொஞ்சம் பெரிய பிஸ்டன் போடறது, பண்ணுனா பவர் கூடும்னு பாதி பேர் நம்பிட்டிருக்காங்க. கணக்கு போட்டு பாருங்க, ஸ்ப்ளெண்டர் என்ஜின் போர் (சிலிண்டரோட உள் அகலம்) 50 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேல கீழ போற தூரம்) 49.5 மில்லிமீட்டர், மொத்தம் 97.2 சிசி. இதுல ஒரு மில்லி ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டா 101 சிசி ஆகும், அவ்ளோதான், 4 சதவீதம். ரீபோர்ங்கறது தேஞ்சு போன சிலிண்டர சரி பண்ற வேலை, வண்டி முன்னாடி எப்படி ஓடுச்சோ அப்படி ஓட வெக்கும், அதுக்கு மேல எதிர்பாக்கக் கூடாது.

நெசமாவே பவர் வேணும்னா பெரிய பிளாக் கிட் (பெரிய சிலிண்டரும் பிஸ்டனும்), ஹெட்ல போர்ட்டிங் (காத்து, புகை போற வழிய பெருசாக்கறது), கேம் (வால்வ தொறக்கற தண்டு) மாத்தறது, கம்ப்ரஷன் (பெட்ரோல் காத்து கலவைய அமுக்கற அளவு) ஏத்தறதுன்னு போகணும். எங்க பக்கம் இதுக்கு 15,000லேர்ந்து ஆரம்பிச்சு 40,000 வரைக்கும் ரேட் சொல்றாங்க, வேலையப் பொறுத்து அதுக்கு மேலயும் போகும். அந்த ரேட்டக் கேட்டுட்டுதான் பையன் முடிவெடுக்கறான், ஆனா அது மொத பில்லு மட்டும்தாங்க. பழைய கிளட்ச் பிளேட் அந்த இழுவைய தாங்காம ஸ்லிப் ஆகும், செயின் ஸ்பிராக்கெட் சீக்கிரம் தேயும், கார்புரேட்டர் வண்டின்னா பெட்ரோல் வர்ற ஜெட்ட மாத்தி சமாளிக்கலாம், 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பிஎஸ்6 (புது புகை விதிப்படி வந்த) வண்டின்னா பெரும்பாலும் ஈசியு மேப்பிங்க, அதாவது எவ்ளோ பெட்ரோல் விடணும்னு வண்டி கம்ப்யூட்டர்ல இருக்கற கணக்க, தொடாம எதுவும் ஆகாது. ஃபில்டரையும் சைலன்சரையும் மட்டும் மாத்திட்டு மேப்ப அப்படியே விட்டா காத்து அதிகமா போயி பெட்ரோல் பத்தாம எரியும், சூடு ஏறும், அந்த மேப்பிங்குக்கு பிக்கிபேக் யூனிட் (ஈசியு கூட சேத்து மாட்டற பொட்டி) வாங்கறது தனியா பல ஆயிரம்.

கம்ப்ரஷன் ஏத்தி நாக்கிங் (கலவை தாறுமாறா வெடிச்சு என்ஜின் தட்டறது) புடிச்ச என்ஜின பிரிச்சா பிஸ்டன் தலை ஓரத்துல எலி கொறிச்ச மாதிரி அரிச்சிருக்கும், ரிங் உக்கார்ற காடி ஒடஞ்சு துண்டு துண்டா ஆயில்ல கெடக்கும், சிலிண்டர் சுவத்துல மேலேர்ந்து கீழ வரைக்கும் கோடு விழுந்திருக்கும். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவுல விடற கேப் ஒரு மில்லிய நூறா பிரிச்சா அதுல ரெண்டு மூணு பங்குதான் இருக்கும், அத அளக்க போர் கேஜ்ங்கற கருவி வேணும், லேத்துக்காரருக்கு பொறுமையும் வேணும். "கையில தட்டி பாத்தேன், சரியா இருக்கு"ன்னு அனுப்பி வெச்ச என்ஜின் எல்லாம் கொஞ்ச நாள்லயே ஜாம் ஆகி எங்க கடைக்கு வருது. அப்போ பிளாக், பிஸ்டன், சில சமயம் கிராங்க் வரைக்கும் புதுசா போடணும், முதல்ல செலவு பண்ணுன காசு அப்படியே போச்சு.

சரி, இவ்ளோ செலவு பண்ணி எவ்ளோ வேகம் கெடைக்குது? 100ல போற வண்டி 120ல போகணும்னா, காத்தோட எதிர்ப்ப மட்டும் கணக்குல எடுத்தாலே 70 சதவீதத்துக்கு மேல பவர் கூட வேணும். 15 சதவீதம் பவர் ஏத்துனீங்கன்னா டாப் ஸ்பீடு 100 இருந்தது 105 ஆகும். 5 கிலோமீட்டர் வேகத்துக்கு 30,000 ரூபா! பிரேக்கோ பழைய டிரம் பிரேக்தான். 80ல வர்ற வண்டிக்கு பிரேக் புடிச்சு நிக்க ஆகற தூரம், 100ல வந்தா ஒன்றரை மடங்குக்கு மேல ஆயிடும். இத பசங்க கிட்ட சொல்லாம பவர மட்டும் ஏத்திக் குடுத்து அனுப்பறது எனக்கு மனசே ஆறலைங்க.

சட்டத்தையும் சொல்லணும். கம்பெனி குடுத்த அளவுக்கு மாறா வண்டிய மாத்தக் கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவுல இருக்கு, 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் அதையே சொல்லிடுச்சு. அதே வருஷம் கொண்டு வந்த திருத்தத்துல 182ஏ பிரிவுப்படி அனுமதி இல்லாம செஞ்ச ஒவ்வொரு மாத்தத்துக்கும் ஓனருக்கு 5,000 ரூபா அபராதம், இல்லன்னா 6 மாசம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் சேத்தும் போடலாம். இன்சூரன்ஸ்ல இன்னொரு சிக்கல், தேர்ட் பார்ட்டி பிரீமியம் 75க்கு மேல 150 சிசி வரைக்கும் ஒரு ரேட், அதத் தாண்டுனா வேற ரேட், ஆர்சில 149ன்னு இருக்கற வண்டிக்குள்ள 170 சிசி பிளாக் இருந்து, ஆக்சிடென்ட் ஆகி இன்சூரன்ஸ் சர்வேயர் கண்டுபுடிச்சா வண்டிக்கான கிளெய்ம நிறுத்த அவங்களுக்கு அது ஒண்ணு போதும். புது வண்டின்னா வாரண்டியும் போயிடும்.

பிக்கப் இல்லன்னு வர்ற வண்டில முக்காவாசிக்கு வேற வைத்தியம் இருக்குங்க. வால்வ் கிளியரன்ஸ் செட் பண்ணி, ஏர் ஃபில்டர் மாத்தி, பிளக் பாத்து, செயின் டைட் பண்ணி, ஒட்டிக்கிட்டு சுத்தற பிரேக்க லூஸ் பண்ணி, டயர்ல காத்து சரியா அடிச்சாலே பையன் "அண்ணா என்ன பண்ணுனீங்க"ன்னு கேக்கறான், எல்லாம் சேத்து ரெண்டாயிரத்துக்குள்ள முடியும். ஏறும்போது இழுவை பத்தலன்னா பின்னாடி ஸ்பிராக்கெட்ல ஒரு பல்லோ ரெண்டு பல்லோ கூட்டிக்கலாம், டாப் ஸ்பீடு கொஞ்சம் கொறையும், ஆனா மேடு ஏற சுகமா இருக்கும். அதுக்கும் மேல வேணும்னா 40,000த்த என்ஜின்ல கொட்டறதுக்கு பதிலா கைல இருக்கற வண்டிய குடுத்துட்டு அந்த காச சேத்து பெரிய வண்டியே எடுத்துக்கலாம். 2025 செப்டம்பர் 22லேர்ந்து 350 சிசி வரைக்கும் பைக்குக்கு ஜிஎஸ்டி 28லேர்ந்து 18 சதவீதமா கொறஞ்சிருக்கு, கம்பெனில போட்ட பவருக்கு தகுந்த டிஸ்க், ஏபிஎஸ், டயர் எல்லாம் அந்த விலைக்குள்ளயே வருது.

டியூனிங் செய்றவங்க எல்லாரும் ஏமாத்தறாங்கன்னு நான் சொல்ல வரல. நம்ம செட்டிப்பாளையம் ட்ராக்குல ஓடற ரேஸ் வண்டிக்கு வேலை பாக்கறவங்க கெட்டிக்காரங்க, எனக்கு அவங்க மேல பெரிய மரியாதை உண்டு, ஆனா அந்த என்ஜின அடிக்கடி பிரிச்சு பாத்து பிஸ்டன் ரிங் மாத்திட்டே இருப்பாங்க, அது ட்ராக்குக்கு சரி, தெனமும் வேலைக்கு போற வண்டிக்கு சரி வராது.

ஆசிரியர் கிட்ட ஒரே ஒரு வேண்டுகோள்தான். சைலன்சர் செய்தி போடும்போது பக்கத்துலயே இந்த செலவுக் கணக்கையும் சட்டத்தையும் ஒரு பெட்டில போடுங்க. என்ஜின் வேலைக்கு காசு கேக்கற கடைல, வேலைக்கு முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணுன்னு டைனோ (பவர அளக்கற மெஷின்) பிரிண்டும், கிளட்ச், பிரேக், மேப்பிங் எல்லாம் சேத்த எஸ்டிமேட்டும் எழுதி வாங்கச் சொல்லுங்க, எழுதித் தர மாட்டேன்னா அட்வான்ஸ் குடுக்க வேண்டாம்னு பெத்தவங்களுக்கும் தெரியற மாதிரி போடுங்க.

இப்படிக்கு,
ஒரு டூவீலர் மெக்கானிக்,
கோயமுத்தூர்