வரவேற்பதற்கும் ஒரு விலை உண்டு

ஆசிரியருக்கு,

எல்லோரையும் சபைக்குள் வரவேற்கும் மென்னோனைட் (போரில் சேர மறுக்கும் ஒரு கிறிஸ்தவப் பிரிவு) போதகர் பற்றிய கட்டுரை நன்றாக இருந்தது, ஆனால் அதற்கு என்ன விலை என்பதையும் எழுதியிருக்கலாம். 2014-இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் தன்பாலீர்ப்பாளரான ஒரு பெண்ணுக்குப் போதகர் உரிமம் தந்தார்கள், அவ்வளவுதான், பெரிய சண்டை. மறு ஆண்டே, அமெரிக்க மென்னோனைட் சபையில் அதிக உறுப்பினர்களைக் கொண்டிருந்த லான்காஸ்டர் வட்டாரப் பிரிவு விலகிப்போக முடிவெடுத்துவிட்டது. ஒருபாலினத் திருமணத்தைப் போதகர்கள் நடத்திவைக்கக் கூடாது என்ற விதி 2022 மே மாதம்தான் நீங்கியது, அதுவும் ஏகமனதாக இல்லை. போருக்குப் போக மாட்டோம் என்று தலைமுறை தலைமுறையாக அடிவாங்கியவர்கள், சொந்தப் பிள்ளைகளையே இத்தனை காலம் வெளியே நிறுத்தியது எனக்குச் சரியாகவே படவில்லை. அப்புறம், வாசலில் வரவேற்புப் பலகை வைப்பது எளிது. நிர்வாகக் குழுவில் தன்பாலீர்ப்பாளருக்கு இடம் தருகிறார்களா என்று அடுத்த முறை கேட்டு எழுதுங்கள்.

- ஒரு வாசகர்