ஐந்து பேர், நூறு நிமிடம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் தாமதமானதற்கு என் முழங்கால்தான் காரணம். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இப்போது கைத்தடியோடு வாசல்வரை போய்வருகிறேன். நடுவில் மூன்று வாரம் கட்டிலோடு கிடந்தேன். பேத்திக்கு அப்போது விடுமுறை. தாத்தாவால் எழுந்து ஓட முடியாது என்று தெரிந்ததும் அவளுக்கு ஒரே கொண்டாட்டம். ஒருநாள் விட்டு ஒருநாள் சூப்பர் ஹீரோ அனிமேஷன் படம். அதிலும் தனி ஆள் படம் என்றால் முகத்தைச் சுளிப்பாள். கூட்டமாக வந்து அடிக்க வேண்டும் அவளுக்கு.

"பேரனோடு உட்கார்ந்து நாலு படம் பார்த்தேன், நாலும் ஒரே படம்" என்று எழுதியிருந்தாயே, படித்துவிட்டுச் சிரித்தேன். முதல் வாரம் நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆள் சேர்ப்பார்கள், முதல் சண்டையில் சொதப்புவார்கள், ஒருவர்மேல் ஒருவர் பழி போட்டுப் பிரிவார்கள், வில்லன் ஊரையே அழிக்கப் போகிறபோது மறுபடி சேர்வார்கள். கடைசி இருபது நிமிடம் வானத்தில் ஏதாவது ஒன்று சுழன்றுகொண்டே இருக்கும். அடுத்து என்ன வரும் என்று நான் முன்கூட்டியே சொல்லிச் சொல்லி, படம் முடியும்வரை வாய் திறக்கக் கூடாது என்று பேத்தி தடை போட்டுவிட்டாள்.

வாயை மூடிக்கொண்டு பார்த்த பிறகுதான் எனக்குச் சில விஷயங்கள் பிடிபட்டன. கணக்குப் போட்டுப் பார். ஏறக்குறைய நூறு நிமிடம், ஐந்து நாயகர்கள், ஒரு வில்லன். சமமாகப் பங்கு போட்டால் ஆளுக்குப் பதினாறு நிமிடம் சொச்சம். அதற்குள் அவன் யார், எதைக் கண்டு பயப்படுகிறான், என்ன செய்வான், கடைசியில் எப்படி மாறினான் என்று எல்லாவற்றையும் காட்டியாக வேண்டும். வார்ப்பு இல்லாமல் முடியாது. ஜப்பானியத் தொலைக்காட்சியில் 1972-ல் வந்த 'கட்சாமான்' தொடரிலேயே அச்சு தயாராக இருந்தது: நிதானமான தலைவன், அவனோடு முட்டிக்கொள்ளும் முன்கோபி, ஒரு பெண், ஒரு பொடியன், ஒரு பருத்த ஆள். மூன்று வருடம் கழித்து நிஜ நடிகர்களோடு வந்த 'கோரேஞ்சர்' தொடர் ஆளுக்கொரு நிறம் கொடுத்தது. சிவப்புதான் தலைவன். நிறத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடலாம். அனிமேஷனில் ஏற்கெனவே பழகிய நடிகர் முகம் கிடையாது இல்லையா, அதனால் உருவமே பேச வேண்டும். பாத்திரத்தை முழுக்கக் கறுப்பாக்கி வெறும் நிழலாக வைத்துப் பார்ப்பார்கள் ஓவியர்கள். அப்போதும் இன்னார் என்று தெரிந்தால்தான் அந்த வடிவம் தேறும்.

சரி, அச்சு ஒன்றுதான். ஆனால் அதற்குள் என்ன ஊற்றுகிறார்கள் என்பதில்தான் படத்துக்குப் படம் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

2004-ல் பிராட் பேர்ட் இயக்கி பிக்சார் எடுத்த 'தி இன்கிரெடிபிள்ஸ்' நீ பார்த்திருப்பாய். இல்லையென்றால் இன்றைக்கே பேரனைக் கூப்பிட்டு உட்கார். அதில் யாருக்கும் சக்தி சும்மா கொடுக்கப்படவில்லை. நாலு பக்கமும் இழுபடுகிற அம்மாவுக்கு ரப்பர்போல நீளும் உடம்பு. யார் கண்ணிலும் படாமல் இருந்தால் போதும் என்று கூசுகிற மகளுக்கு மறைந்துபோகும் சக்தி, கூடவே தடுப்புக் கவசம் போடும் சக்தி. ஓரிடத்தில் நிற்காத பையனுக்கு வேகம். குடும்பத்தைத் தோளில் சுமக்க வேண்டிய அப்பாவுக்குப் பலம். கைக்குழந்தை என்னவாக வருமோ யாருக்குத் தெரியும், அதனால் அதற்கு எல்லாமே கொஞ்சம் கொஞ்சம்.

விமானக் காட்சியை மட்டும் நான் இரண்டு தடவை திரும்பப் போடச் சொன்னேன். அம்மா விமானத்தை ஓட்டுகிறாள், ஏவுகணைகள் துரத்தி வருகின்றன. விமானத்தைச் சுற்றித் தடுப்புக் கவசம் போடு என்று மகளிடம் கத்துகிறாள். சக்தியைப் பயன்படுத்தவே கூடாது என்று இத்தனை நாள் சொல்லி வளர்த்ததும் அதே அம்மாதான். அந்தப் பெண் முயற்சி செய்கிறாள், ஒரு பொறி வருகிறது, அணைந்துபோகிறது. விமானம் வெடிக்கிறது. அம்மா பிள்ளைகளைச் சுருட்டி அணைத்துக்கொண்டு விழுகிறாள். பிறகு பாராசூட்டாக விரிகிறாள், கடலில் படகாகிறாள், பையன் காலை உதைத்து மோட்டாராகிறான். பார்க்கச் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பெண் முகத்தைக் கவனி. அன்றிரவு குகையில், திடீரென்று அவ்வளவு கேட்டது என் தப்பு என்று அம்மா சொல்வாள். அடுத்த நாள் காட்டில் தம்பியைச் சுடப்போகும்போது அதே பெண் குறுக்கே பாய்ந்து கவசம் போடுவாள், இந்தத் தடவை அது நிற்கும். ஒரு பாத்திரத்தின் மொத்தக் கதையும் இதற்குள் முடிந்துவிட்டது பார்.

இன்னொன்றும் கவனித்தேன். குழுவில் பலசாலி யாரோ அவன்தான் முதலில் மாட்டிக்கொள்வான். முதலில் எரிச்சலாக இருந்தது. யோசித்தால், அவன் வெளியே இருந்தால் மற்றவர்களுக்கு வேலையே இல்லையே! இந்தப் படத்திலும் அப்பா தீவில் கட்டுண்டு கிடப்பதால்தான் அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் கதை கிடைக்கிறது. (வில்லன்கள் கொல்லாமல் வசனம் பேசிக்கொண்டே நிற்கும் வழக்கத்தை அதே படம் கிண்டலும் செய்கிறது. பேச்சு மும்முரத்தில் வில்லனே தன்னைப் பிடித்துக்கொண்டு 'என்னைப் பேசவிட்டுவிட்டாயே' என்று அசடு வழிவான்.)

'பிக் ஹீரோ 6' பேத்தியின் உயிர். 2014-ல் வந்தது. அதில் எனக்குப் பாதி சந்தோஷம், பாதி மனத்தாங்கல். ஹீரோ என்ற பையனும், அவன் அண்ணன் செய்த பேமேக்ஸ் என்ற அந்தக் காற்றடைத்த ரோபோவும் போதும், மற்ற நாலு பேரும் உடைக்கு உள்ளே ஆளில்லாத மாதிரி. ஒருத்தி சக்கரம், ஒருவன் கத்தி, ஒருத்தி ரசாயன உருண்டை, ஒருவன் ராட்சத வேஷம். உடையைக் கழற்றிவிட்டு வசனத்தை மட்டும் கேட்டால் யார் பேசுகிறார்கள் என்று முக்கால்வாசி நேரம் என்னால் சொல்ல முடியவில்லை. பேத்தியிடம் சொன்னேன், ஒருநாள் முழுக்கப் பேசவில்லை.

ஆனால் குழு உடைகிற இடம் அந்தப் படத்தில் அபாரம். பொதுவாக இந்தப் பிரிவு எனக்குப் பிடிக்காது. ஒரு வாக்கியம் பேசினால் தீர்ந்துவிடும் சண்டைக்கு இருபது நிமிடம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். இங்கே அப்படியில்லை. அண்ணன் சாவுக்குக் காரணமானவனைக் கண்டதும், யாரையும் காயப்படுத்தவிடாமல் ரோபோவைத் தடுக்கும், அண்ணன் செய்துவைத்த மருத்துவச் சில்லை (சிப்) அதிலிருந்து பிடுங்கிவிட்டு, "கொல்" என்கிறான் பையன். தடுத்த நண்பர்கள்மேல் கோபித்துக்கொண்டு தனியே போகிறான். வீட்டில் மறுபடி அதே சில்லைப் பிடுங்கப் பார்க்கிறான், ரோபோ விடவில்லை. அதற்குப் பதில் தன் நெஞ்சுத் திரையில் அண்ணனின் பழைய சோதனைப் பதிவுகளை ஓட்டுகிறது. தோல்விமேல் தோல்வி, அண்ணன் விடாமல் மறுபடி மறுபடி முயல்கிறான். சண்டையும் துக்கம், சமாதானமும் துக்கம். நான் கண்ணாடியைத் துடைப்பதுபோல் நடித்தேன்.

அப்புறம் 2018-ல் வந்த ஸ்பைடர்மேன் படம், 'இன்டு தி ஸ்பைடர்-வெர்ஸ்'. குழுவில் ஆறு பேர், அநேகமாக எல்லோருக்கும் ஒரே சிலந்தி சக்தி! பிறகு எப்படி வேறுபடுத்துவது? படம் வரைகிற விதத்திலேயே வேறுபடுத்திவிட்டார்கள். ஒருவன் கறுப்பு வெள்ளை, ஒருத்தி ஜப்பானிய அனிமே, ஒன்று கார்ட்டூன் பன்றி. என்னை அசத்தியது வேறு. சினிமாவில் நொடிக்கு 24 சட்டகம், அதாவது 24 அசையாப் படம் ஓடும். அனுபவசாலி பீட்டருக்குச் சட்டகத்துக்கு ஒரு புதுப் படம். கற்றுக்குட்டி மைல்ஸுக்கு இரண்டு சட்டகத்துக்கு ஒன்று, அதாவது நொடிக்குப் பன்னிரண்டுதான். காட்டுக்குள் இருவரும் சேர்ந்து ஊசலாடும்போது அவன் வழுக்கலில்லாமல் போவான், இவன் தட்டுத்தடுமாறிப் பின்னால் வருவான். காரணம் தெரியாமலே நம் கண்ணுக்கு அது உறைக்கும். பையன் தேறத் தேற அவன் அசைவும் சீராகிவிடும். கற்றுக்கொள்வதை வசனமில்லாமல் சொல்ல இதைவிட வேறு வழி உண்டா?

எனவே, 'ஒரே கதை' என்று நீ சொன்னதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன், மீதியைத் திருப்பி அனுப்புகிறேன்.

போன வாரம் பேத்தி அவளே ஒரு குழு வரைந்தாள். ஐந்து பேர், ஐந்து நிறம். நாலு பேர் வழக்கமான நெருப்பு, பனி, பறக்கிறவள், பலசாலி. ஐந்தாவது ஆள் கைத்தடியோடு ஒரு கிழவர். "இவருக்கு என்ன சக்தி?" என்றேன். "படுத்துக்கிட்டே அடுத்து என்ன நடக்கும்னு சொல்லிடுவார்" என்றாள். சரி, இவருடைய பலவீனம் என்ன என்று கேட்டேன். என் முழங்காலைப் பார்ப்பாள் என்று நினைத்தேன்.

"வாயை மூட மாட்டார்" என்றாள்.

உன் கண் பரிசோதனை என்ன ஆயிற்று, அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை நீ. அடுத்த கடிதத்தில் அதை முதலில் எழுது, படங்களைப் பிறகு திட்டலாம்.

உன் பழைய பெஞ்சு நண்பன்