கூட்டு சேர்றது காசுக்காக மட்டும் இல்ல

ஆசிரியருக்கு வணக்கம்,

கம்பெனிங்க ஏன் சேர்ந்து ஆராய்ச்சி பண்றாங்கன்னு போன இதழ்ல வந்த கட்டுரை படிச்சேன். செலவு பாதியாகும், ரிஸ்க் குறையும்னு போட்டிருந்தீங்க, சரிதான், ஆனா அதோட நிறுத்திட்டீங்களேன்னுதான் எழுதுறேன். என்னைக் கேட்டா தன்கிட்ட இல்லாத வித்தைய கத்துக்கத்தான் முதல்ல கூட்டு சேரணும், காசெல்லாம் அப்புறம்.

நம்ம ஓசூர் டிவிஎஸ்ஸையே எடுத்துக்கோங்க. 2013 ஏப்ரல்ல பிஎம்டபிள்யூவோட பைக் பிரிவான மோட்டோராட் கூட ஒப்பந்தம் போட்டாங்க, 500 சிசிக்கு கீழ உள்ள பைக்குக்காக. பெரிய பைக்ல பிஎம்டபிள்யூவ அடிச்சுக்க ஆள் கிடையாது, ஆனா சின்ன பைக்க நம்ம ஊர் விலைக்கு செஞ்சு தள்றது டிவிஎஸ்ஸுக்கு கைவந்த கலை. அப்படி வந்த 310 இன்ஜினை கொஞ்சம் குனிஞ்சு பாருங்க, சிலிண்டர் பின்பக்கமா சாஞ்சிருக்கும், காத்தும் பெட்ரோலும் முன்பக்கமா உள்ள போகும், புகை பின்பக்கமா வெளிய வரும், வழக்கமான பைக்குக்கு நேர் தலைகீழ். இதனால இன்ஜினை முன் வீல் பக்கம் தள்ளி வெச்சு ஸ்விங்ஆர்ம, அதாவது பின் வீல பிடிச்சிருக்குற கைய, நீளமாக்க முடியுது, வண்டி நீளாம நிலையா ஓடுது. பிஎம்டபிள்யூ ஜி 310 ஆர்லயும் இதே இன்ஜின்தான், 2017 டிசம்பர்ல வந்த அப்பாச்சி ஆர்ஆர் 310லயும் இதேதான்.

வெளிநாட்டுக்காரன் கூட சேர்ந்தா நம்மள முழுங்கிடுவான்னு சொல்றவங்க இருக்காங்க. ஆனா டிவிஎஸ்ஸுக்கு சுசுகி கூட இருந்த கூட்டு 2001ல முடிஞ்சுது, அதே வருஷம் சொந்தமா டிசைன் பண்ண விக்டர் பைக்க டிவிஎஸ் இறக்கிச்சு! கூட்டு இருக்கும்போதே சொந்த ஆராய்ச்சி ஆளுங்கள வளர்த்திருந்தாதான் இது நடக்கும், வெறும் இடத்தையும் கூலியாளையும் குடுத்து வந்த பார்ட்ஸ மாட்டி அனுப்பிட்டிருந்தா கூட்டு முடியுற அன்னைக்கு கடையையும் மூட வேண்டியதுதான்.

போட்டிக்காரங்களே சேர்ந்ததும் நம்ம ஊர்ல நடந்திருக்கு. கோயம்புத்தூர்ல 1956ல வந்த சிட்ரா, நூல் மில்லுக்காரங்க சேர்ந்து நடத்துற ஆராய்ச்சி நிலையம்தான், நூல் தரத்த சோதிக்க ஒவ்வொரு மில்லும் தனித்தனியா லேப் கட்டுனா கட்டுப்படியாகுமா? இன்னைக்கு சின்ன சின்ன பட்டறை வெச்சிருக்கவங்களுக்கும் இதே கஷ்டம்தான், ஆனா பக்கத்து பட்டறைக்காரர் கூட உக்காந்து பேசவே தயங்குறாங்க, டிசைன திருடிடுவாங்கன்னு பயம். அந்த பயத்துலயும் நியாயம் இருக்கு, எழுத்துல எதுவும் இல்லாம சேர்ந்தா சண்டைதான் வரும்.

அதனால அடுத்து இத பத்தி எழுதும்போது கூட்டு ஒப்பந்தத்துல பேட்டன்ட் யார் பேர்ல போடுறாங்க, பாதியில பிரிஞ்சா டிசைன் யாருக்கு, சின்ன கம்பெனிக்காரர் கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி என்னென்ன கேக்கணும்னு விவரம் தெரிஞ்ச வக்கீல் ஒருத்தர்கிட்ட கேட்டு விரிவா போடுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஓசூர்