குன்றைப் பற்றி நீ கேட்டதற்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கு அனைவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. தாய்லாந்தில் நீ இருக்கும் கிராபியில் மழை தொடங்கிவிட்டது என்று அம்மாவிடம் சொன்னாயாம். மழைக்காலத்தில் குகைக்குள் போகும்போது தலைக்கவசத்தைக் கழற்றாதே. நீர் ஊறிய சுண்ணாம்புப் பாறை எப்போது பிளந்து விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. 1973இல் நம் ஈப்போவின் குனோங் செரோ குன்றில் பாறை சரிந்து ஏறத்தாழ 40 பேர் மாண்டதைப் பாட்டி கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தது உனக்கு நினைவிருக்கும். நீ ஆராயும் பல்லிகள் இரவில்தான் வெளியே வரும் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆயினும் தனியாகப் போகாதே, துணைக்கு ஒருவரை அழைத்துக்கொள்.

நீ அனுப்பிய ஆய்வேட்டை, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நான்கு மாதங்களில் படித்து முடித்தேன். நான் புரிந்துகொண்டது சரிதானா என்று பார். கடலடியில் படிந்த சுண்ணாம்பு மேலெழுந்து, அதை மழைநீர் யுகக்கணக்கில் கரைத்துத் தின்றதில், கரையாமல் எஞ்சியவைதாம் நம் ஈப்போவைச் சுற்றியுள்ள கிந்தா பள்ளத்தாக்கிலும் கிராபியிலும் நிற்கும் செங்குத்துக் குன்றுகள். நம் கண்ணுக்கு அவை ஒரே சமவெளியில் அடுத்தடுத்து நிற்பவை. பாறை வெடிப்பிலும் குகைவாயின் அரையிருளிலும் வாழப் பழகிய பல்லிக்கோ, இடையிலுள்ள நிலம் கடலுக்குச் சமம். தாண்ட முடியாத பல்லி தன் குன்றுக்குள்ளேயே இணை தேடி, ஒரு முறைக்கு இரண்டே முட்டையிட்டு, தலைமுறை தலைமுறையாக அங்கேயே பெருகும்போது, பக்கத்துக் குன்றிலுள்ள உறவுகளோடு கலப்பு அற்றுப்போகிறது. தற்செயலாக நேர்ந்த மாற்றங்களும், பாறை வாழ்க்கைக்கு உதவியதால் நிலைத்த மாற்றங்களும் சேர்ந்து சேர்ந்து, கடைசியில் அவை வேறு வேறு இனங்களாகவே பிரிந்துவிடுகின்றன.

இடுக்கில் நுழையத் தட்டையான உடல், சுவரில் எட்டிப் பிடிக்க நீண்ட கால்கள், மங்கலில் காணப் பெரிய கண்கள். இவையெல்லாம் ஒரே மூதாதையிடமிருந்து வந்த சொத்தல்ல, வெவ்வேறு கிளைகள் தனித்தனியே பாறைக்கு வந்து ஒத்த உருவத்தை அடைந்தன என்று நீ எழுதியிருந்த பக்கத்தை மட்டும் இரண்டு முறை படித்தேன். இந்தக் குன்றுகள் பழைய உயிர்கள் ஒதுங்கிய புகலிடம் மட்டுமல்ல, புதியவை உருவாகும் இடமும்கூட என்பதையும் குறித்துக்கொண்டேன். வளைவிரல் பல்லிகள் என்ற இந்த ஒரு வகையில் மட்டும் 300க்கும் மேற்பட்ட இனங்கள் எப்படி வந்தன என்பது அதன் பிறகுதான் எனக்கு விளங்கியது.

தைப்பூசத்துக்குப் பத்துமலையின் 272 படிகளையும் உன்னைத் தோளில் சுமந்து ஏறியிருக்கிறேன். அந்த மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு பல்லி அங்கே வாழ்கிறது என்பதும், 2014இல்தான் அதற்குப் பெயர் வைத்தார்கள் என்பதும், முதுகெலும்புள்ள உயிர்களில் அம்மலைக்கு மட்டுமே உரியது அது ஒன்றுதான் என்பதும் உன் எழுத்தால்தான் எனக்குத் தெரிய வந்தன. கல்லுமலைக் கோயிலில் பார்ப்பவர்களிடமெல்லாம் இதைச் சொல்லி, என் மகள் படிக்கும் படிப்பு இது என்றும் சொன்னேன். இவ்வளவு எழுதத் தெரிந்த பிள்ளை அப்பாவுக்கு இரண்டு வரி எழுதியிருக்கலாம். அம்மாவோடு பேசி முடித்ததும் நீ போனை வைத்துவிடுகிறாய். வேலை அதிகம் என்று எண்ணிக்கொள்கிறேன். தலைக்கவசத்தின் வாரைத் தாடைக்குக் கீழே இறுக்கிக் கட்டு. தளர்வாக விட்டால் போட்டும் பயனில்லை.

தீபாவளியன்று நீ கேட்டாய், நான் வேலை பார்த்த கல்குவாரிக் குன்று வரைபடத்தில் ஏன் இல்லை, அங்கே பல்லிகளைப் பார்த்திருக்கிறேனா என்று. வெறுங்கல், அங்கே ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட்டுப் போனை அம்மாவிடம் கொடுத்தேன். அது பொய், பாப்பா. நான் சொன்ன குரலிலேயே நீ அதைக் கண்டுகொண்டாய் என்று நினைக்கிறேன்.

எடைமேடை அறைக்குப் பின்னால் ஒரு குகைவாய் இருந்தது. மாலையில் கணக்கை முடித்துவிட்டு அங்கே சொட்டும் நீரில் முகம் கழுவுவேன். டார்ச் அடித்தால் சுவரில் மூன்று நான்கு இருக்கும். வாலோடு சேர்த்து ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. வெளிறிய உடலில் கறுத்த பட்டைகள். வீட்டுப் பல்லியைப் போல விரல் அகன்றிருக்காது, மெலிந்து நடுவில் வளைந்து நகத்தில் முடியும். வெடி வைத்த நாள்களில் சில அறைக்குள் வந்து மேசைக் காலைப் பற்றிக்கொண்டிருக்கும். துடைப்பத்தால் வெளியே தள்ளியிருக்கிறேன். 1981 முதல் 2004 வரை ஒவ்வொரு லோரிக்கும் எடைச்சீட்டு எழுதியது என் கைதான். குகை போயிற்று, பிறகு குன்று போயிற்று, பிறகு தரைக்குக் கீழும் தோண்டினார்கள். வரைபடத்தில் நீ குளம் என்று பார்ப்பது அந்தப் பள்ளத்தைத்தான்.

உன் படிப்புக்கான பணம் அந்தக் கல்லிலிருந்து வந்தது என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். ஆறுதலாக இல்லை. குனோங் கந்தானின் குகையில் கண்டு, 2014இல் அதன் பெயரையே வைத்த பல்லிக்கு, குன்றின் ஒரு பகுதியை வெட்டி எடுத்த பின்னும் ஒரு பெயராவது இருக்கிறது. நான் பார்த்தவற்றை யாரும் பிடித்து அளக்கவில்லை, செதில்களை எண்ணவில்லை, மாதிரி எடுத்து வைக்கவில்லை. அவை பக்கத்துக் குன்றின் இனமாகவும் இருந்திருக்கலாம். வேறெங்கும் இல்லாதவையாகவும் இருந்திருக்கலாம். அதை இனி உன்னாலும் சொல்ல முடியாது. அறியாமல் செய்தேன் என்பது உண்மை. ஆனால் நீ கேட்டபோது அறிந்தே மறைத்தேன்.

சாலைக்கு அப்பால் அதே கல்லின் சிறு துண்டு ஒன்று வெட்டுப்படாமல் நிற்கிறது, ஒரு வீட்டின் உயரம்கூட இருக்காது. போன வாரம் மோட்டாரில் போய் இருட்டும்வரை நின்று பார்த்தேன். கண்புரையோடு எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நீ வரும்போது நாம் இருவரும் போகலாம். தலைக்கவசம் இரண்டு கொண்டு வா.

அன்புடன்,
அப்பா