பக்கத்துல உக்காந்து பாக்குற மேஜிக்குக்கு எந்தப் பொருள்?

ஆசிரியருக்கு வணக்கம். ஞாயிறு இணைப்புல மேஜிக் பொருள்கள் பத்தி எழுதுனது நல்லாதான் இருந்துச்சு, ஆனா எல்லாமே ஆன்லைன்ல பளபளன்னு விக்கிற செட்டு. ஒரு முழம் தூரத்துல உக்காந்து பாக்குறவங்களுக்கு அந்தப் பளபளப்பே சந்தேகத்த கெளப்பிரும் சார். அதுல வர்ற அமெரிக்க அரை டாலர் காயின் எதுக்கு, நம்ம பத்து ரூபா காயின் 27 மில்லிமீட்டர், யார் பாக்கெட்லயும் இருக்கும், உள்ளங்கையில நல்லா ஒளியும். காந்தம் வச்சு பண்றதுன்னா இப்ப புழங்குற ஸ்டீல் ஒரு ரூபா, ரெண்டு ரூபா எடுங்க, பத்து ரூபா ஒட்டாது. காயின அறுத்து ஜிமிக் (ரகசிய வேலை செஞ்ச மேஜிக் காயின்) பண்றது மட்டும் வேணாம், 2011 நாணயச் சட்டப்படி குற்றம், கட்டுரையில இத சொல்லவே இல்ல!

கப்புக்குள்ள பந்து மறைஞ்சு மறைஞ்சு வர்ற செப்பிடு வித்தைக்கு பேப்பர் கப்பே போதும், ஆனா ஒண்ணுக்குள்ள ஒண்ணு அடுக்குனா நடுவுல பந்து நிக்க இடம் இருக்கணும், கடையிலயே அடுக்கிப் பாத்துருங்க. பிளாஸ்டிக் பந்து கப்புல பட்டா டக்குன்னு சத்தம் காட்டிக் குடுத்துரும், பாட்டில் தக்கைய உருண்டையா செதுக்கி கம்பளி நூல இறுக்கி சுத்திட்டா சத்தமும் வராது விரல்லயும் வழுக்காது.

அடுத்து சீட்டுக்கட்டு பத்தி எழுதுனா, சின்னப் பசங்க கைக்கு 2.25 இன்ச் அகலத்துல ஒடுக்கமா வர்ற பிரிட்ஜ் சைஸ் கட்டையும் சேத்து சொல்லுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை