மிளகாய்ச் செம்பருத்தியும் நம் ஊர்த் தேன்சிட்டும்

சேரன்மகாதேவி,
மாசி 14

அன்புள்ள சுடலைமுத்து,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பிசான அறுப்பு முடிந்து நெல் வீடு வந்து சேரும்வரை பேனாவைத் தொட நேரமில்லை. மூட்டு வலி குறைந்து மாடி ஏறத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும்தான் நிம்மதி.

மதுரை வீட்டு முற்றத்துக்குத் தேன்சிட்டு வர என்ன செடி வைக்கலாம் என்று கேட்டிருந்தாய். ஒரு வரியில் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் இந்த ஒரு மாதமாகத் திண்ணையிலிருந்து நான் பார்த்ததைச் சொல்லாமல் அந்தப் பதில் முழுமையாகாது.

எங்கள் வேலியில் ஒரு செம்பருத்தி உண்டு. மலர்ந்தும் மலராமல் சிவப்பு மிளகாய் போலச் சுருண்டு தொங்கும். தினமும் காலையில் ஊதாப்பிட்டத் தேன்சிட்டு ஒன்று அதற்கு வரும். பத்து சென்டிமீட்டர்கூட இல்லாத உடம்பு, மஞ்சள் வயிறு. பூவின் வாய்ப்பக்கம் அது போவதே இல்லை. காம்பைப் பற்றிச் சாய்ந்து, பூவின் அடியில் அலகால் ஒரு குத்து. உடனே அடுத்த பூ. அது போனபின் ஒரு பூவைப் பறித்து வெளிச்சத்தில் பிடித்தேன். பச்சைப் புல்லியை ஒட்டி, ஊசியால் கிழித்தது போல் ஒரு கீறல். ஓரம் மட்டும் பழுப்பேறியிருந்தது. நுனியில் நீட்டிக்கொண்டிருந்த மகரந்தம் கலையவே இல்லை.

இந்தச் செடியின் இனம் அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தது. அங்கே அந்தரத்தில் நின்றபடியே தேன் குடிக்கும் ஓசனிச்சிட்டுக்கென்று அமைந்த பூ அது. உட்காரக் கிளை வேண்டாத பறவை என்பதால் பூ தனியே தொங்கலாம், குழல் குறுகலாக இருக்கலாம். நம் தேன்சிட்டோ பெரும்பாலும் எதையாவது பற்றிக்கொண்டுதான் குடிக்கும். வாசல் வழி எட்டாததால் திருடனைப் போலச் சுவரில் கன்னம் வைக்கிறது. இந்த வேலியில் ஒரு காய்கூட நான் பார்த்ததில்லை. கம்பு ஒடித்து நட்டுத்தான் ஊரெல்லாம் பரவியிருக்கிறது. வந்த ஊரில் தனக்குரிய பறவை இல்லாமல் ஆண்டு முழுவதும் பூக்கிறதே என்று எனக்கு மனம் கனத்துப்போகிறது.

வாழை அப்படியில்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கன்னடியன் கால்வாய்க் கரைத் தோட்டத்தில் வாழைப்பூவை உருவி நீயும் நானும் தேன் உறிஞ்சியது நினைவிருக்கிறதா? அதே தேனுக்குத்தான் சிட்டும் வருகிறது. மடல் விரிந்ததும் அதன் மேல் தலைகீழாகத் தொங்கி, சீப்பிலிருக்கும் பூவை ஒவ்வொன்றாகத் துழாவும். குட்டையான, அகன்ற பூ. எந்த அலகுக்கும் எட்டும். நம் ஏத்தனும் கதலியும் விதையில்லாமலே காய்ப்பவை. ஆகவே அந்தத் தேனுக்கு அவை கைம்மாறு எதுவும் எதிர்பார்ப்பதில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது மாமரத்துப் புல்லுருவி. ஆள் விட்டு வெட்டிவிடலாம் என்றுதான் இருந்தேன், மரத்தை உறிஞ்சுகிறதே என்று. அப்போதுதான் லோட்டன் தேன்சிட்டு வந்தது. கருநீலம், வயிறு பழுப்பு. மற்றச் சிட்டுகளைவிட நீளமாக, அரிவாள் போல் வளைந்த அலகு. புல்லுருவிப் பூவும் நீண்டு, லேசாக வளைந்த குழல்தான். அலகு உள்ளே போனபோது உறைக்குள் கத்தி இறங்குவது போலிருந்தது. கீறலும் இல்லை, கிழிசலும் இல்லை. இந்தச் சிட்டுகளின் நாக்கும் குழல் போன்றது, நுனி பிளந்தது. அலகுக்கு அப்பாலும் நீளும். அன்றோடு வெட்டும் எண்ணத்தை விட்டுவிட்டேன். ஒரு கிளை போனால் போகட்டும்.

கரீபியன் தீவுகளில் ஒருவகை ஓசனிச்சிட்டைப் பற்றிப் படித்து அசந்துபோனேன். ஆணுக்கு அலகு குட்டை, வளைவும் குறைவு. பெண்ணுக்கு நீளமும் வளைவும் அதிகம். வாழைக்குத் தூரத்து உறவான ஹெலிகோனியாவில் இரண்டு வகை அங்கே உண்டு. குட்டைப் பூ உள்ளதை ஆண் காவல் காக்கும். நீண்டு வளைந்த பூ பெண்ணுக்கு. ஒரே வீட்டில் இருவருக்கும் தனித்தனிக் கிண்ணம்! ஆண்டீஸ் மலையில், வாலை விட்டுவிட்டால், உடலைவிட நீளமான அலகுள்ள ஓர் ஓசனிச்சிட்டும் இருக்கிறது. அதற்கேற்ற நீளத்தில் அங்கே பூவும் இருக்கிறது.

இனி உன் முற்றத்துக்கு. ஒரே வகையாக வைக்காதே. அடுக்களைத் தண்ணீர் பாயும் மூலையில் ஒரு வாழை, வேலியோரம் ஒற்றை இதழ்ச் செம்பருத்தி, இடம் இருந்தால் ஒரு முள்முருங்கை. மிளகாய்ச் செம்பருத்தியும் இருக்கட்டும், குருவிக்குத் தேன் கிடைக்கிறது. மருந்து மட்டும் அடிக்காதே. குஞ்சுகளுக்குத் தேன்சிட்டு தேனைவிடச் சிலந்தியும் பூச்சியும்தான் கொண்டுபோய்க் கொடுக்கும்.

மதினியிடம் நான் விசாரித்ததாகச் சொல். பங்குனியில் மகன் அந்தப் பக்கம் வருகிறான். ஏத்தன் கன்று இரண்டு பிரித்து வைத்திருக்கிறேன். குழி மட்டும் தோண்டி வை.

அன்புடன்,
இசக்கி