மெஷினுக்கு இருக்கிற காசு டிபி பாக்ஸுக்கு ஏன் இல்லை?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மழைக்காலம் வந்தால் மின்சாரம் தாக்கி ஒருவர் இறந்தார் என்ற செய்தி உங்கள் பத்திரிகையில் அடிக்கடி வருகிறது. நாலு வரி இருக்கும். பெயர், ஊர், வயது, போலீஸ் விசாரணை. கரண்ட் ஏன் உடனே கட் ஆகவில்லை என்பது மட்டும் அதில் இருக்காது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

கோவையில் வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு லேத், டிரில்லிங், மர வேலை செய்கிறவர்கள் நிறையப் பேர். எனக்கும் பத்துக்குப் பதினான்கு அடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு பட்டறை இருக்கிறது, அதில் 2 எச்பி மரம் அறுக்கும் மெஷின், ஒரு பெஞ்ச் டிரில், ஒரு வெல்டிங் மெஷின். வயரிங் செய்தவர் சமையலறை பாயிண்டிலிருந்தே 2.5 ஸ்கொயர் எம்எம் வயரை இழுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். அறுக்கும் மெஷினைப் போட்டாலே எம்சிபி, அதாவது அளவுக்கு மேல் கரண்ட் ஓடினால் தானாகக் கட் ஆகும் சுவிட்ச், விழுந்தது. திரும்பக் கூப்பிட்டேன், 16 ஆம்பியரைக் கழற்றிவிட்டு 32 போட்டார். அப்புறம் விழவே இல்லை, நானும் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

சரியாகவில்லை. மோட்டார் கிளம்பும் நேரத்தில் ஓடும் கரண்டைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். வீட்டுக்குப் போடும் பி டைப் எம்சிபி தன் ஆம்பியரைப் போல மூன்று முதல் ஐந்து மடங்கிலேயே உடனே விழுந்துவிடும், அதற்கு அதே ஆம்பியரில் சி டைப் போட்டால் போதும், அது ஐந்து முதல் பத்து மடங்கில்தான் உடனே விழும். ஆம்பியரை ஏற்றினால் எம்சிபி விழுவதற்கு முன்னால் வயர் வெந்துவிடும். சுவிட்ச் பெட்டியைத் திறந்து பார்த்தபோது சிவப்பு வயரின் உறை முனையில் பழுப்பாகி, விரலால் தொட்டதும் உதிர்ந்தது.

அதைவிட மோசமானது ஒன்று. போன ஐப்பசியில் ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று டிரில்லின் கைப்பிடியைத் தொட்டேன், தோள்பட்டை வரை சுரீர் என்று ஏறியது. டெஸ்டரை மெஷின் பாடியில் வைத்தால் விளக்கு எரிகிறது. ஏன் என்று தேடினால், பச்சை வயரை மடித்து டேப் சுற்றிப் பெட்டிக்குள்ளேயே திணித்திருந்தார்கள். கசியும் கரண்டைத் தரைக்குக் கொண்டுபோகும் எர்த்தே கிடையாது. எம்சிபி பார்ப்பது வயரைத்தான், மனிதனை அல்ல. ஒரு ஆள் சாக 32 ஆம்பியர் வேண்டாம், ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு போதும். ஆள் வழியாகத் தரைக்குக் கசியும் அந்தச் சின்னக் கரண்டைக் கண்டுபிடித்துக் கட் பண்ணும் சுவிட்ச்தான் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாய்தான், எண்பதாயிரம் கொடுத்து மெஷின் வாங்குகிறவர்கள் இதற்குப் பேரம் பேசுகிறார்கள்.

இந்த முறை தகுதிச் சான்றிதழ் வைத்திருக்கும் ஒரு வயர்மேனை வைத்து முழுதாக மாற்றினேன். மீட்டர் போர்டிலிருந்து பட்டறைக்கென்று தனியாக 6 ஸ்கொயர் எம்எம், அங்கே எம்சிபி, ஆர்சிசிபி எல்லாம் உட்காரும் எட்டு வே டிபி பாக்ஸ், மெஷின் பாயிண்டுகளுக்கு 4 ஸ்கொயர் எம்எம், பட்டறைக்கு வெளியே புது எர்த் குழி. ஆர்சிசிபி இரண்டு, மெஷினுக்கு ஒன்று, லைட்டுக்கு ஒன்று. லைட்டும் மெஷினும் ஒரே ஆர்சிசிபியில் இருந்தால், அது விழும்போது பட்டறை இருட்டாகிவிடும், பிளேடு மட்டும் ஓடிய வேகத்தில் இன்னும் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டே இருக்கும், கை எங்கே இருக்கிறது என்று உங்களுக்கே தெரியாது. அறுக்கும் மெஷினுக்கு ஸ்டார்ட்டரும் போட்டாயிற்று. கரண்ட் போய்த் திரும்பி வந்தால் அது தானாக ஓடாது, பச்சைப் பட்டனை அழுத்தினால்தான் ஓடும். மின்வெட்டு உள்ள ஊரில் இது இல்லாமல் ரம்பம் வைத்திருப்பது ஆபத்து.

வயரிங்கைச் சுவரை வெட்டாமல் ஓப்பனாகவே செய்யச் சொன்னேன். பார்க்க அழகில்லை என்றார்கள் வீட்டில். பட்டறையில் மெஷின் இடம் மாறிக்கொண்டே இருக்கும், புது பாயிண்ட் வேண்டியிருக்கும், எங்கே எது ஓடுகிறது என்று கண்ணுக்குத் தெரிந்தால் ஆணி அடிக்கிறவனும் தப்பிப்பான். கேசிங் கேப்பிங், அதாவது மூடி போட்ட பிளாஸ்டிக் பட்டை, வேண்டாம் என்பது என் கருத்து, மரத்தூள் அந்த மூடி வழியாக உள்ளே போய் அடைந்துகொள்ளும். கனமான பிவிசி பைப் 25 எம்எம், இரண்டடிக்கு ஒரு கிளாம்ப், கூரையை ஒட்டி ஓட்டி ஒவ்வொரு மெஷினுக்கும் நேராகக் கீழே இறக்கினோம். பைப்பில் வயரை அடைக்கவில்லை, பாதிக்கு மேல் காலியாக விட்டிருக்கிறோம். சித்திரை வெயிலில் அந்தக் கூரைக்குக் கீழே வயருக்கும் மூச்சு விட இடம் வேண்டும்.

ஆர்சிசிபியில் டெஸ்ட் என்று ஒரு சின்னப் பட்டன் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்தினால் டப்பென்று விழ வேண்டும், விழாவிட்டால் மாற்ற வேண்டும். எனக்குத் தெரிந்து அதைத் தொட்டே பார்க்காதவர்கள்தான் அதிகம்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படி ஒரு மரணச் செய்தி எழுதும்போது, அந்த இடத்தில் எர்த் இருந்ததா, ஆர்சிசிபி இருந்ததா என்று உங்கள் நிருபரைக் கேட்கச் சொல்லுங்கள். பதிலை ஐந்தாவது வரியாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
பட்டறை வைத்திருக்கும் வாசகர்,
கணபதி, கோவை.